மேட்டில் ஓடிப்போகும் காற்று

கார் சமதளத்தில் ஓடும்போது ஏசியின் குளிர்காற்று ஒழுங்காக முகத்தில் அடித்தது. மேடு ஏறத் தொடங்கியதும் அது முகத்தை விட்டுவிட்டு முன்கண்ணாடியின் அடிக்குப் போய்விட்டது. உச்சியைத் தாண்டி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி முகத்துக்கு வந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த சின்னவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஏசி கடைக்காரர் வாயு குறைந்திருக்கிறது என்று நிரப்பி அனுப்பினார். எலெக்ட்ரீஷியன் பொத்தானையே மாற்றினார். காற்று அசைந்து கொடுக்கவில்லை. மேடு வந்தால் ஓடியது, இறக்கம் வந்தால் திரும்பியது.

அக்காவின் கணவரிடம் சொன்னபோது அவர் முன்பல் இடைவெளி தெரிய வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கு உன் மூஞ்சியப் பாத்தா பயம் போல. மேட்டுல ஓடிடுது."

"உங்க மூஞ்சிக்கு மட்டும் நின்னு வீசுதாக்கும்?"

"நான் எங்கம்மா மேட்டுப் பக்கம் போறேன்? நம்ம வண்டி ஓடுறதெல்லாம் கடைத்தெருவுலதான்."

கார் இரண்டு வீட்டுக்கும் பொது. அக்காவும் தங்கையும் ஆளுக்குப் பாதி என்று அப்பா கொடுத்தது. வேலை நாட்களில் சின்னவளிடம் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால் பண்ணைக்குப் போக. அங்கே அவள் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். முதல் ஷிஃப்டு விடியும் முன்னே தொடங்கும். அந்த நேரத்தில் மலையேறும் பேருந்து கிடையாது. கணவன் கப்பலில் வேலை, ஆண்டில் பாதி கடலில். ஆக, கார் இருந்தால் வேலை உண்டு, கார் இல்லையென்றால் வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு கார் அத்தானிடம். அவர் பேனரும் ஸ்டிக்கரும் அடிக்கும் கடை வைத்திருந்தார். தெருவில் அவருக்குப் பசைக்காரர் என்றே பேர். கிழிந்த பை, உடைந்த நாற்காலி, கண்ணாடிச் சட்டம், எதுவானாலும் ஒரு டேப் சுருளை எடுத்து நாலு சுற்றுச் சுற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சுற்றி முடித்ததும் அதன்மேல் தன் கடையில் அடித்த ஒரு வட்டச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அதில் 'சரி' என்று போட்டிருக்கும். திங்கட்கிழமை கார் திரும்பும்போது எங்கேயாவது ஒரு புது 'சரி' இருக்கும். சின்னவள் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அவள் பானெட்டைத் திறப்பவளும் அல்ல.

திறக்கவைத்தது ஒரு புதன்கிழமை. பின்சீட்டில் மகள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகவேண்டும். மலைச்சாலை இறங்கி நாற்சந்தியில் முடிகிற இடத்தில் சிவப்பு விளக்கு. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. சின்னவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சின் இரண்டு முறை உதறியது, நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தாள். கால் உள்ளே போகவில்லை. கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இடுப்பைத் தூக்கி முழு எடையையும் காலில் போட்டு, இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். லாரியின் பின்பக்கத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சமிருந்தபோது கார் நின்றது.

"ஏம்மா இவ்ளோ கிட்டப் போய் நிறுத்துற? ஒண்ணுமே தெரியல," என்றாள் மகள்.

அம்மா எஞ்சினை மறுபடி கிளப்பி, ஊர்ந்தபடியே அவளைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

ஷிஃப்டு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு ஞாயிறு வரை விடுப்புக் கேட்டாள். "எடுத்துக்கங்க. ஆனா திங்கக்கிழமை காலை ஷிஃப்டுக்கு நீங்க நின்னாகணும். இல்லன்னா அந்த எடத்துக்கு ஆள் போடச் சொல்லிட்டாங்க. என் கையில இல்ல மேடம்," என்றார் அவர். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து காரை இழுத்துவரச் செய்து வீட்டு முன்னால் நிறுத்தி, அன்று மதியமே பானெட்டைத் திறந்தாள்.

முதலில் வந்தது வாடை. பால் கெடுவதற்கு அரை நாள் முன்பே மோப்பத்தில் சொல்லிவிடும் மூக்கு அவளுடையது. அந்த மூக்கு இப்போது அவளுக்கு எதிரியானது. கருகிய பசை, எலி மூத்திரம், இரண்டுக்கும் நடுவில் எங்கிருந்தோ இனிப்பான புதினா. குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

எஞ்சினுக்குக் குறுக்கே பேனா தடிமனில் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்கள் ஓடின. ஓடின என்று சொல்வது தவறு. ஓடிய இடமெல்லாம் டேப்பாக இருந்தது. பழுப்பு டேப், வெள்ளி டேப், துணி டேப், ஒளி ஊடுருவும் டேப், ஒன்றின்மேல் ஒன்று. எஞ்சின் சூட்டில் பசை உருகி விளிம்புகளில் சளிபோல வழிந்து, பிறகு தூசியைத் தின்று கறுத்திருந்தது. அதில் எறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன. ஒரு பூச்சியின் இறக்கை. நீளமான முடி, அக்காவின் முடி. ஒவ்வொரு முடிச்சின் மேலும் சிவப்பாக ஒரு 'சரி'.

பானெட்டின் உள்பக்கத்தில், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் சிறு படம் ஒன்றைக் கார் செய்தவர்கள் ஒட்டிவைப்பது வழக்கம். இந்தக் காரில் அந்த இடத்தின் மேலேயே அத்தான் தன் கடை விளம்பரத்தை ஒட்டியிருந்தார். சின்னவள் ஓரத்தில் நகம் வைத்து உரித்தாள். விளம்பரம் வந்தது, அதோடு படமும் வழித்துக்கொண்டு வந்தது. மிஞ்சியது ஒரு அம்புக்குறியின் பாதி.

சரி, படம் இல்லாமலே பார்ப்போம் என்று உட்கார்ந்து யோசித்தாள். பால் பண்ணையில் பாலைக் குழாய்க்குள் தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். இழுப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். காரும் அதே கதைதான்.

எஞ்சின் அடிப்படையில் மூச்சை உள்ளே இழுக்கும் பிராணி. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது அதன் மூக்கை ஒரு தகடு ஏறத்தாழ அடைத்து வைத்திருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள், உள்ளே எவ்வளவு இழுப்பு உண்டாகிறதென்று தெரியும். அந்த இழுப்பை வீணாக்காமல், பழைய கார்களில் அதைக் குழாய்கள் வழியே கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். பிரேக் மிதிக்கும் காலுக்கு அது துணை நிற்கும். குளிர்காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடும் சிறு கதவுகளையும் அதுவே இழுத்துப் பிடிக்கும். மேடு ஏற ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறந்துகொள்ளும். மூக்கைப் பிடித்த விரலை எடுத்த மாதிரி இழுப்பு தளர்ந்துவிடும். அந்த நேரத்துக்கென்று கொஞ்சம் இழுப்பைச் சேர்த்தும் வைத்திருப்பார்கள்; அதுவும் கசிந்துபோனால் கதவைப் பிடித்திருந்த கை விட்டுவிடும். அப்போது ஒரு ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளும். அதுவும் வேண்டுமென்றே வைத்ததுதான்: மற்றதெல்லாம் கெட்டாலும் ஓட்டுபவருக்குக் கண்ணாடியாவது தெளிவாக இருக்கட்டும் என்று.

ஆக, காற்று பயந்தும் ஓடவில்லை, கோபித்தும் ஓடவில்லை. எங்கோ இழுப்பு கசிகிறது. கசிகிற ஓட்டை வழியே வேண்டாத காற்று எஞ்சினுக்குள் போய், மெதுவாகச் சுற்றும்போது அதை மூச்சுமுட்டவைத்து நிறுத்துகிறது. இரண்டு வியாதியும் ஒன்று. இதைக் கண்டுகொண்டதும், அந்த நாற்றத்துக்கு நடுவிலும், அவளுக்குச் சின்னதாக ஒரு குஷி வந்தது.

அந்தக் குஷி முதல் டேப்பைப் பிரிக்கும்வரைதான். பிசுபிசுவென்று விரலோடு வந்தது. விரலை விரலால் துடைத்தால் அந்த விரலுக்கும் போனது. பிரிந்த இடத்தில் குழாய் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. பிளாஸ்டிக்குக்கு வளையும் தன்மையைக் கொடுக்கும் எண்ணெய்ப் பொருள் ஒன்று உண்டு. எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்தால் அது ஆவியாகி, மிஞ்சுவது வெறும் ஓடு. அதைத் தொட்டாலே விரியும். அத்தான் ஒரு விரிசலைச் சுற்ற வளைத்தபோதெல்லாம் பக்கத்தில் இன்னொன்று விரிந்திருக்கிறது. மறுவாரம் அதைச் சுற்றியிருக்கிறார். அப்புறம் அதற்கடுத்தது.

மூன்றாவது முடிச்சின் அடியில் புதினா வாடையின் மூலம் கிடைத்தது. இரண்டு குழாய்த் துண்டுகளுக்கு நடுவே பால்பாயின்ட் பேனாவின் குழலைச் செருகி, இடுக்கை அடைக்க, மென்று முடித்த பபிள்கம்மை வைத்து அழுத்தியிருந்தார். அதில் பல் தடம் அச்சு அசலாக இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. யாருடைய பல்லென்று கேட்க வேண்டியதில்லை.

சின்னவள் ஓடிப்போய் வாசல் குழாயடியில் கை கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். மறுபடி கழுவினாள்.

மறுநாள், பிரித்தெடுத்த துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்னம்மா இது, சாக்கடையில இருந்தா எடுத்தீங்க?"

"இல்லண்ணே, சொந்தக்காரங்க வேலை."

"அப்பச் சரி. அங்கதான் இந்த மாதிரியெல்லாம் கிடைக்கும்." அவர் ஒரு கம்பியால் துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இதே பிளாஸ்டிக் வேணும்னு அலையாதீங்க. ரப்பர்லயே போட்டுக்கலாம். ஆனா இழுப்புக்குன்னு வர்ற தடிச்ச ரப்பரா இருக்கணும். மெல்லிசு போட்டா உள்ளுக்குள்ள சப்பி ஒட்டிக்கும், அப்புறம் என்னத் திட்டுவீங்க."

வெள்ளியும் சனியுமாக வேலை நடந்தது. பழைய குழாயை இழுத்துப் பிடுங்கினால் அது செருகியிருக்கும் முனையும் உடையும். அதனால் ஒவ்வொரு முனையிலும் பிளேடால் நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பதுபோல உரித்தாள். புதிய ரப்பரின் வாயை வெந்நீரில் முக்கி, இளகியதும் செருகினாள். டேப் இல்லை, பசை இல்லை. அழுக்கை வழித்து எடுக்க ஒரு பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும். வழித்ததைப் பார்க்காமலே குப்பைத் தாளில் சுற்றினாள்.

சனி மாலை எஞ்சினைக் கிளப்பினாள். உதறல் போயிருந்தது. ஒரே சீராக ஓடியது. உடனே நம்பிவிடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். எஞ்சின் நின்றாலும் இரண்டொரு மிதிக்காவது கால் மெத்தென்று இறங்கவேண்டும்; சேர்த்துவைத்த இழுப்பு அதற்காகத்தான் இருக்கிறது. இறங்கவில்லை. பழையபடி கருங்கல்.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலைத் தட்டினார் அத்தான். பின்னால் அக்கா. காரை எடுத்துப் போக வந்திருந்தார்கள்.

"என்ன மேடம், பெரிய ஒர்க்‌ஷாப்பே நடக்குது! நம்ம ஸ்டிக்கரையெல்லாம் காணோம்?"

"குப்பையில இருக்கு அத்தான். போய்ப் பொறுக்கிக்கங்க."

"நன்றி கெட்ட உலகம்டி," என்று அவர் அக்காவைப் பார்த்தார். "இத்தன மாசம் இந்த வண்டி ஓடினதே என் ஒட்டுலதான்."

"வாயில மென்னதை எடுத்து வெச்சிருக்கீங்க. பல்லு பதிஞ்சிருக்கு. உங்களுக்கே அருவருப்பா இல்லையா?"

"அவசரத்துக்கு என்ன பண்றது? நடு ரோட்டுல நின்னா..."

"நடு ரோட்டுல நின்னுச்சா?"

அத்தான் வாயை மூடிக்கொண்டார். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "அதான்டி, போன வாரம் மலை மேல ஒரு கடைக்குப் பேனர் குடுக்கப் போனோம்ல? எறங்கும்போது அந்த நாலு ரோட்டுல ஆஃப் ஆகி, பிரேக்கும் பிடிக்காம, எனக்கு உசுரே போச்சு. நல்லவேளை முன்னால யாரும் இல்ல. இவருதான் எறங்கி என்னமோ வெச்சு ஒட்டினாரு."

சின்னவள் காரிலிருந்து இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"பிரேக் பிடிக்கலன்னு தெரியும். தெரிஞ்சு, ஒட்டி, 'சரி'ன்னு ஒரு ஸ்டிக்கரையும் குத்தி, திங்கக்கிழமை சாவியக் கையில குடுத்தீங்க. என் பொண்ணு பின்னாடி உக்காந்திருந்தா அத்தான்."

"ஒட்டினதுக்கப்புறம் நல்லாத்தானம்மா பிடிச்சுது..."

"அதுக்கப்புறமும், மேட்டுப் பக்கமே போறதில்லன்னு எனக்கே காது குத்தினீங்க."

"சொன்னா நீ பயப்படுவியேன்னுதான்."

டேப்பில் செத்த எறும்பையும் பபிள்கம்மின் பல் தடத்தையும் பார்த்தபோது வந்த குமட்டல் வேறு. இதைத் தண்ணீரில் கழுவ முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "வண்டி இன்னிக்கு வராது. ஆட்டோ பிடிச்சுப் போங்க," என்றாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ வேணா நாளைக்கு வாக்கா. அவரு வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை. ஒரே ஒரு நாள்தான் கையில். குழாயெல்லாம் புதுசு, ஆனாலும் இழுப்பு தங்கவில்லை. எங்கே போகிறது? கண்ணால் பார்த்துப் பயனில்லை. பண்ணையில் கசிவைத் தேடும்போது யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தேர்வு வைப்பார்கள். வாயால் உறிஞ்சிப் பார்க்கலாம்தான். இந்த வண்டியில் வாய் வைப்பதைவிட வேலை போனாலும் பரவாயில்லை. பரிசோதனைக்கூடத்துச் சிரிஞ்சு ஒன்று வீட்டில் கிடந்தது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு. அதன் மூக்கில் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகிக்கொண்டாள்.

வேலை எளிது. பகுதியின் ஒரு முனையை அடைத்துவிட்டு, மறு முனையில் சிரிஞ்சை வைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்து, பிடியை விடவேண்டும். பகுதி நல்லதென்றால் தண்டு தானாகவே உள்ளே ஓடும். உள்ளே வெற்றிடம், வெளிக்காற்று தள்ளுகிறது. கசிந்தால் தண்டு இழுத்த இடத்திலேயே சோம்பேறியாக நிற்கும். பிரேக் பக்கத்துக் குழாய்: ஓடியது. இழுப்பைச் சேர்த்துவைக்கும் பிளாஸ்டிக் குடுவை: ஓடியது. காற்றுக் கதவுகளுக்குப் போகும் குழாய்: ஓடியது. எல்லாம் நல்ல பிள்ளைகள்.

மிச்சம் ஒன்றுதான். எஞ்சினிலிருந்து வரும் தடித்த குழாயில், அது பிரேக்குக்கும் குடுவைக்கும் பிரிவதற்கு முன்னால், துணி டேப்பில் மம்மி போலச் சுற்றப்பட்டிருந்த ஒரு கட்டி. வெறும் இணைப்பு என்று நினைத்து அதை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். பிரித்தாள். உள்ளே சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று. மேலே ஓர் அம்புக்குறி.

ஒருவழி வால்வு! அவளுக்குக் கையெல்லாம் பரபரத்தது. எஞ்சின் இழுக்கும்போது திறந்து வழி விடும். எஞ்சின் தளரும்போது மூடிக்கொண்டு, சேர்த்துவைத்த இழுப்பைக் காவல் காக்கும். மேட்டில் காற்றுக் கதவைப் பிடித்துவைப்பதும் இதுதான், எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கடைசி மிதியைக் கொடுப்பதும் இதுதான். சிரிஞ்சை ஒரு பக்கம் வைத்து இழுத்தாள். காற்று தாராளமாக வந்தது. மறுபக்கம் வைத்து இழுத்தாள். வரக்கூடாது. வந்தது.

வால்வை ஒரு பழைய தட்டில் வைத்து இரண்டாக அறுத்தாள். உள்ளே இருக்கவேண்டிய மெல்லிய ரப்பர் நாக்கு, சாம்பல் நிறக் கூழில் மூழ்கி, பாதி திறந்தபடி ஒட்டிக்கிடந்தது. நுனியில் பபிள்கம்மின் இழை ஒன்று. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது வாசலில் அத்தான் நின்றார். வரவேண்டாம் என்றால் வருகிற ரகம். கையில் ஒரு புது டேப் சுருள். தண்ணீரிலும் ஒட்டுமாம், வெளிநாட்டுச் சரக்காம். சின்னவள் பேசாமல் தட்டை நீட்டினாள். அவர் கூழில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "சீ, என்ன கருமம் இது?" என்று சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உங்க பசை."

"நான் வெளியிலதானே சுத்தினேன்? இது எப்படி உள்ள போச்சு?"

"தண்ணி பைப்புல உள்ளேருந்து வெளிய தள்ளும். இதுல வெளியிலிருந்து உள்ள இழுக்கும். நீங்க வெளிய என்ன வெச்சாலும் சூட்டுல உருகி விரிசல் வழியா உள்ளதான் போகும். ஒவ்வொரு வாரமும் ஒட்டினீங்க, ஒவ்வொரு வாரமும் இந்த நாக்கு அதைத் தின்னுச்சு. பிரேக்கைக் கெடுத்தது விரிசல் இல்ல அத்தான். உங்க ஒட்டு."

அவர் சட்டையில் துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போகாது. "இனிமே நான் பானெட்டத் தொடல," என்றார் கடைசியில்.

"வண்டியவே தொடாதீங்க. அக்காவுக்கு வேணும்னா நான் ஓட்டிட்டுப் போறேன். அப்பா குடுத்த பாதி அவளுக்கு. உங்களுக்கில்ல."

அவர் சுருளோடு திரும்பிப் போனார். அவள் கூப்பிடவில்லை. உதிரிபாகக் கடை ஞாயிறு மதியம்வரை திறந்திருக்கும் என்பதால் புது வால்வு வாங்க அவளும் உடனே கிளம்பினாள்.

அன்று மாலையே தனியாக மலை ஏறிப் பார்த்தாள். மேட்டின் கடைசி வளைவுவரை குளிர்காற்று முகத்திலேயே நின்றது. உச்சியில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்தாள். கால் மெத்தென்று இறங்கியது. இன்னொரு முறை மிதித்தாள். இறங்கியது. நாற்சந்தி இறக்கத்தில் இரண்டு முறை போய் வந்தாள். இரண்டு முறையும் கோட்டுக்கு இப்பாலேயே நின்றது. திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பி, முதல் ஷிஃப்டில் சோதனைக்கான முதல் பால் மாதிரி வருவதற்கு முன்பே பரிசோதனைக்கூடத்தில் நின்றாள்.

"வண்டிக்கு என்னதான் ஆச்சு மேடம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, நகக்கண்ணில் மிச்சமிருந்த கறுப்புப் பசையைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"பொரிஞ்சு போன பிளாஸ்டிக் குழாயை ஒட்டக்கூடாது, மொத்தமாக் கழட்டிடணும். அதே உள் அளவுல, இழுப்புக்குன்னு வர்ற தடிச்ச ரப்பர் போடணும். வாயை வெந்நீர்ல முக்கிச் செருகினாப் போதும், வெளிக்காத்தே அதை அழுத்திப் பிடிச்சுக்கும். ஒருவழி வால்வைப் புதுசா மாத்தி, அம்புக்குறி எஞ்சினைப் பாக்குற மாதிரி வெக்கணும். அவ்வளவுதான் செஞ்சேன். இப்ப பிடிக்குது."